செவ்வாய்க்கிழமைப் பொய்

அத்தியாயம் 3

செவ்வாய்க்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், பெரம்பலூர்ப் பக்கம் அவளை யாரும் நம்ப மாட்டார்கள். மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுவாள் என்பது அந்தச் சீமையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஏதாவது விசேஷம் என்றால் வேறு கதை. இந்த ஐப்பசிச் செவ்வாய்க்கு அப்படி ஒரு விசேஷமும் கிடையாது.

எறையூர் மேகலா நான்கு வாரமாக அந்தப் பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், அரியலூர் பஸ் நிற்கும் இடத்தில், ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தாள். முப்பத்துநாலு வயது. அரக்குச் சேலை. வலது கையில் ஒரு துணிப்பை. எதிரே பழக்கடை மறைவில் இரண்டு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ரெண்டாவது பஸ்ஸையும் விட்டுட்டாங்க" என்றாள் சிவரஞ்சனி. பச்சைச் சுடிதார், கையில் உரித்த வாழைப்பழம், வாயில் பாதி. "யாருக்கோ காத்திருக்காங்க. நூறு பர்சென்ட் காதல்."

"பழத்தை முழுங்கிட்டுப் பேசும்மா" என்றார் நல்லதம்பி.

திருச்சி தில்லைநகரில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில், நல்லதம்பியின் துப்பறியும் நிலையம் இருக்கிறது. கீழே அலறுகிறவர்களின் சத்தத்தில் பாதி கட்சிக்காரர்கள் மாடிப்படியோடு திரும்பிவிடுவார்கள். மனிதர் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துக் கேஸ்களைத் துருவியவர். கை ஒடிந்தது என்று சொல்கிறவன் பஸ் கம்பியை எந்தக் கையால் பிடிக்கிறான் என்று பார்ப்பதுதான் அவர் கற்ற வித்தை. சிவரஞ்சனி அவருக்கு உதவியாளர். சம்பளம் கொஞ்சம், வாய் ஜாஸ்தி.

மேகலாவின் கணவன் வீரமணி, கரும்பு விவசாயி, சொந்த டிராக்டர். பத்து நாள் முன்பு மாடியேறி வந்து அவன் சொன்ன புகார்கள் மூன்று. ஒன்று, இந்தச் செவ்வாய்க்கிழமைப் பொய். இரண்டாவது, அவள் கையில் கிடந்த வளையல்கள் கவரிங்காக மாறியிருந்தன. மூன்றாவதைச் சொல்லும்போது சிவரஞ்சனியை வெளியே போகச் சொன்னான். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வருஷமா தள்ளித்தான் படுத்துக்கறா சார். கைய வச்சா தட்டி வுடறா. மேடையில ஆடிக்கிட்டிருந்தவ. எங்கம்மா வேணாம் வேணாம்னாங்க, நாந்தான் ஒத்தக் கால்ல நின்னு கட்டிக்கிட்டேன். அந்த ஆளு யாருன்னு மட்டும் காட்டுங்க. மிச்சத்த நாங்க பார்த்துக்கறோம்."

அந்த 'நாங்க'தான் நல்லதம்பிக்குப் பிடிக்கவில்லை. போன செவ்வாய் சிவரஞ்சனி மட்டும் பின்னாலேயே போய், மேகலா அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வரை போவதைப் பார்த்துவந்தாள். அதைச் சொன்னபோதே, இன்றைக்கு வராதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீரமணி இரண்டு பங்காளிகளையும் மூன்று உருட்டுக்கட்டைகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, காலையிலேயே அரியலூர் ரயில்வே கேட் பக்கம் போய் உட்கார்ந்திருந்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நல்லதம்பியின் செல்போன் துடித்தது.

மூன்றாவது பஸ் வந்தது. பாதி காலி. மேகலா ஏறிக்கொண்டாள்.

"ஆளு வரல. ஆனா ஏறிட்டாங்க" என்று சிவரஞ்சனி குழம்பினாள்.

"முதல் ரெண்டு பஸ்ல உட்கார இடமில்ல. இதுல இருக்கு. அவ்வளவுதான்."

இருவரும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். மேகலா ஜன்னலோரமாகப் போய், தன் இடது தோளுக்கும் பஸ் தகரத்துக்கும் நடுவில் துணிப்பையைச் செருகிக்கொண்டாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழும்போதும் அவள் கண்ணை இறுக்கி மூடினாள்.

"ரஞ்சனி, நீ வீட்டுக்குத் தெரியாம சினிமா போறப்ப என்ன சொல்லுவ?"

"ஃப்ரெண்டு வூட்டுக்குப் படிக்கப் போறேம்பேன்."

"ஞாயித்துக்கிழமை காலேஜ் இருக்குன்னு சொல்லுவியா?"

"நான் என்ன கூமுட்டையா சார்?"

"இவங்களும் இல்ல. கல்யாணமாகி ஒன்பது வருஷம். நூறு தரமாவது சிறுவாச்சூர் போயிருப்பாங்க. பொய் சொல்றதுக்குச் சமயபுரம் இருக்கு, தினமும் நடை திறந்திருக்கு. அதை விட்டுட்டு ஏன் இந்தப் பொய்?"

"அவசரத்துல வாய் தவறியிருக்கும்."

"ஒரு தரம் தவறலாம். நாலு செவ்வாய் தவறுமா?"

சிவரஞ்சனி அடுத்த பழத்தை உரித்தாள்.

அரியலூர். இரண்டு வருஷம் முன்பு தனி மாவட்டமாகப் பிரித்து, வந்த பெயர்ப் பலகையின் பெயின்ட் காய்வதற்குள் மறுபடி பெரம்பலூரோடு ஒட்டிவைத்த ஊர். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் கடைகள், மரங்கள், மனிதர்கள் எல்லாமே ஒரே நிறம். மேகலா பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். இவர்கள் பின்னால் இன்னொரு ஆட்டோ.

ரயில்வே ஸ்டேஷன்.

சிவரஞ்சனி டிக்கெட் வரிசையில் மேகலாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு ஓடி வந்தாள். "மெட்ராஸுக்கு ஒண்ணு. போன வாரம் மாதிரியேதான். போன வாரம் வாங்கினாங்க, வண்டி வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. இவங்க ஏறவே இல்ல. டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க."

"பெரம்பலூர்ல நின்னா மெட்ராஸ் பஸ். ரயிலே இல்லாத ஊர்ப் பக்கம் இருந்துக்கிட்டு, ரயிலைத் தேடி ஏன் இங்க வரணும்?"

"அந்தாளு ரயில்ல வர்றான் சார்! மெட்ராஸ்காரன்!"

அவள் சொல்லி முடிக்கவும், கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் சூட்கேஸோடு வந்து மேகலா உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்காரவும் சரியாக இருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தான். ஏதோ கேட்டான். அவளும் ஏதோ சொன்னாள்.

செல்போன் துடித்தது. "சார், ஆளு வந்துட்டானா?" வீரமணியின் மூச்சு போனில் இரைந்தது.

"பொறுங்க" என்றார் நல்லதம்பி. இந்தக் கட்டம் போட்ட சட்டை உயிரோடு ஊர் திரும்புவது தன் வாயில் இருக்கிறது என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கட்டம் போட்ட சட்டை எழுந்து கை தட்டிக் கூப்பிட்டான். அவனுடைய பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்றுதான் கேட்டிருக்கிறான். குடும்பம் மூட்டையோடு பிளாட்பாரக் கடைசிக்கு நகர்ந்தது.

"சே!" என்றாள் சிவரஞ்சனி.

நல்லதம்பி மட்டும் மேகலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் விழுந்த முடியை அவள் வலது கையால் ஒதுக்கினாள். இடது பக்கம் நழுவிய முந்தானையையும் வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் இழுத்துவிட்டாள். இடது கை மடியிலேயே கிடந்தது.

"ரஞ்சனி, அவங்க தலையில பூ இருக்கா?"

"இல்ல."

"கோயிலுக்குன்னு சொல்லிட்டுக் கிளம்பினவங்க பூ வைக்கல."

"கோயிலுக்குத்தான் போகலையே."

"காதலனைப் பார்க்கப் போறவ?"

"வைப்பா" என்றாள் சிவரஞ்சனி. "கண்டிப்பா வைப்பா."

"பூ வைக்க ரெண்டு கையையும் தூக்கணும். நின்னுக்கிட்டு பஸ்ல வரணும்னா மேல கம்பியைப் பிடிக்கணும். பஸ் குலுங்குறது தாங்காதவங்கதான் ரயிலைத் தேடி வருவாங்க. அவங்க இடது கை தோளுக்கு மேல ஏறல. பக்கத்துல ஒருத்தர் படுத்தாக்கூடத் தாங்காத வலி. காதலனும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. உடம்பு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே? எதுக்கு ஒளியணும்?"

"அதை ஆம்பளை போய்க் கேக்க முடியாது. நீ போ."

சிவரஞ்சனி போய் அந்த பெஞ்சின் வலது முனையில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. மேகலா தண்டவாளத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"போன வாரம் மஞ்சச் சுடிதாரு. இந்த வாரம் பச்சை. எங்க வூட்டுக்காரரு வரலையா?"

சிவரஞ்சனி குனிந்து தன் சுடிதாரைப் பார்த்துக்கொண்டாள்.

"நாலு வாரமா அவரத்தான் எதிர்பார்க்கறேன். தோ பின்னாடியே வந்துருவாரு, வந்து சட்டையப் புடிக்கிற மாதிரி கையப் புடிப்பாரு, எங்கடி போறேன்னு கேப்பாருன்னு. கேட்டா சொல்லிடலாம்னு. ஆளு வச்சுட்டாரா?" மேகலாவின் முகம் விழுந்துவிட்டது. "நீங்க யாருங்க? வக்கீல் வூட்டு ஆளா? தீத்து வுடப் போறாரா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்லக்கா. துப்பறியும் நிலையம். நான் சும்மா எடுபிடி." சிவரஞ்சனி நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பொய்யின்னு தெரியட்டும்னுதான் சிறுவாச்சூர்னு சொன்னீங்களா?"

"பின்ன? செவ்வாக்கிழமை சிறுவாச்சூர்னா செத்தவன்கூட எந்திரிச்சு ஏன்னு கேப்பான். இவரு கேக்கல. மொறைச்சுப் பார்த்துட்டு வயலுக்குப் போயிட்டாரு."

"என்னக்கா ஆச்சு உங்களுக்கு?"

மேகலா சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். பத்து வருஷம் முன்பு மெட்ராஸில் ஒரு நடனக் குழுவில் இருந்தாள். குழு நடத்தினவன் வெளிநாட்டு ஓட்டல்களுக்கு ஆள் அனுப்புகிறவன். மூன்று பெண்களை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், மார்பு எடுப்பாகத் தெரிய உள்ளே சிலிக்கான் பை வைக்கச் சொன்னான். மாட்டேன் என்றால் மேடை கிடையாது. அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. ஆயுசுக்கும் அப்படியே இருக்கும் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார்.

"வெளிநாடும் போகல, ஒண்ணும் போகல. எறையூர் திருவிழாவுக்கு ஆட வந்தேன், இவரு பார்த்தாரு. தழும்பு என்னன்னு கேட்டப்ப, சின்ன வயசுல கட்டி எடுத்ததுன்னுட்டேன். அந்த ஒரு பொய்தாங்க. அதுவே வூட்டுக்குள்ள கூட உக்காந்துக்கிச்சு." அவள் இடது முழங்கையை வலது கையால் தாங்கிக்கொண்டாள். "புள்ளைக்குப் பால் குடுக்கறப்பவே இந்தப் பக்கம் சரியா வராது. அப்புறம் கெட்டியாச்சு. இப்பக் கல்லு. உள்ள பை கிழிஞ்சு கசிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்சுது. கக்கத்துல நெறி கட்டி, கையத் தூக்க முடியல. ராத்திரி பொரண்டு படுத்தா உசுரு போயி வருது."

"வச்ச டாக்டரு?"

"அந்த ஆஸ்பத்திரி இருந்த எடத்துல இப்ப ஜவுளிக்கடை. குழு நடத்துனவன் செத்துப்போயிட்டான். வைக்கறதுக்குப் பணம் கட்ட ஆளு இருந்துச்சு, எடுக்கறதுக்கு நாந்தான். வளையல வித்துத்தான் டாக்டருக்கும் ஸ்கேனுக்கும் குடுத்தேன். ஆபரேஷனுக்கும் எடுத்து வச்சிருக்கேன். பணம் இல்ல எனக்குக் கஷ்டம்."

"வேற என்ன?"

"கையெழுத்து" என்றாள் மேகலா. "மெட்ராஸ் ஆஸ்பத்திரில, கல்யாணம் ஆனவங்கன்னா வூட்டுக்காரரு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கத்தி வைப்போம்னுட்டாங்க. ஆத்தா அப்பன் இல்ல. கூடப் பொறந்ததும் இல்ல. ஒரு வாரம் அவரு பேருல நானே பொய்க் கையெழுத்துப் போட்டுக்கலாம்னு துணிஞ்சு வந்தேன். வண்டி வந்தப்ப காலு எழும்பல. இந்த மாசத்துக்குள்ள வரலன்னா நாங்க பொறுப்பில்லன்னு சொல்லியிருக்காங்க."

"நேரா அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா!"

"சொல்லலாம்னு வாயெடுப்பேன், நாக்கு பொரளாது. கல்யாணம் வேணாம்னு அத்தை தலைவிரிகோலமா அழுதப்ப இவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'ஆட்டக்காரியா இருக்கலாம்மா, ஆனா அவகிட்ட ஒளிவு மறைவு கெடையாது'ன்னாரு. அத நம்பித்தான் அத்தை ஆரத்தி எடுத்துச்சு. நான் எந்த வாயால சொல்றது?"

சிவரஞ்சனி எழுந்து வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. நல்லதம்பியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஒரு இடத்தில்கூட ஜோக் அடிக்கவில்லை. திருச்சியிலிருந்து வரும் மெட்ராஸ் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று ஒலிபெருக்கி கரகரத்தது.

போன் துடித்தது.

"சார், இதுக்கு மேல பொறுக்க முடியாது. உள்ள ஆளு இருக்கானா இல்லையா?"

நல்லதம்பி மேகலா உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தபடியே சொன்னார். "இருக்கான். நாலு செவ்வாயா உங்க சம்சாரம் அந்த ஒருத்தனுக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க."

"பேரு சொல்லுங்க!"

"வீரமணி. ஊரு எறையூர். சொந்த டிராக்டர் வச்சிருக்கான், மூளையத்தான் ஜீப்புல விட்டுட்டான். அவங்க உடம்பு சரியில்லய்யா. நீ கேப்பேன்னு காத்துட்டிருக்காங்க. கட்டையைப் போட்டுட்டு வா. தனியா வா."

எதிர்முனையில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

கேட்டை அந்நேரம் மூடிவிட்டார்கள். ஜீப் லாரிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. வீரமணி மட்டும் இறங்கிக் கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து, தண்டவாளத்து ஓரமாகவே ஓடி வந்தான். வேட்டியெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பிளாட்பாரத்தில் ஏறி, மேகலாவுக்கு எதிரே நின்று, மூச்சு வாங்கியபடி, நான்கு வாரம் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"எங்கடி போற?"

அவள் சொன்னாள். இந்த முறை நாக்கு புரண்டது. நல்லதம்பியும் சிவரஞ்சனியும் கொஞ்சம் தள்ளிப் போய், எடை பார்க்கும் மிஷினைப் பார்ப்பது போல நின்றார்கள். அவள் பேசப் பேச வீரமணியின் முகம் கறுத்தது.

"ஒன்பது வருஷம்" என்றான் அவன். சத்தம் போட்டே சொன்னான். "கட்டின்னு சொன்ன. ஊரு முன்னாடி நான் உன்னைய எப்படியெல்லாம் தூக்கி வச்சுப் பேசியிருப்பேன்?"

"பொய்தாங்க. ஆமா. அடிக்கணும்னா அடிங்க. வலது பக்கமா அடிங்க."

வீரமணி திரும்பிக்கொண்டான். இரண்டடி நடந்தான். போய்விடுவான் என்றுதான் சிவரஞ்சனி நினைத்தாள்.

வண்டி வந்து நின்றது.

மேகலா எழுந்தாள். அவன் திரும்பவில்லை. அவள் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு பெட்டிப் படியில் கால் வைத்தாள். வலது கையால் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். உயரமான படி. இடது கையைத் தூக்கப் பார்த்தாள், அது இடுப்புக்கு மேல் வரவில்லை. முகம் கோணி, ஒரு சத்தம் வந்தது. கொடியில் மாட்டிக்கொண்ட ஆடு போடும் சத்தம்.

அந்தச் சத்தத்துக்கு வீரமணி திரும்பினான். இரண்டு வருஷமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அவன் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான் அது. அதைத்தான் வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் அவள் இடுப்பைப் பிடித்து, இடது பக்கம் கை படாமல், மேலே ஏற்றிவிட்டான். தானும் ஏறிக்கொண்டான்.

"எனக்குக் கோவம் போவலடி" என்றான். "அது எப்பப் போவும்னும் தெரியாது. மொதல்ல கையெழுத்துப் போடறேன்."

"டிக்கெட்டு ஒண்ணுதாங்க இருக்கு."

"அபராதம் கட்டிக்கறேன். தள்ளி உக்காரு. சன்னல் பக்கம் வேணாம், குலுங்கும்."

வண்டி நகர்ந்தது. மேகலா ஜன்னல் வழியாகச் சிவரஞ்சனியைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள். சிவரஞ்சனி இரண்டு கையையும் தூக்கி ஆட்டப் போனவள், என்ன நினைத்தாளோ, ஒன்றை இறக்கிக்கொண்டாள்.

கடைசிப் பெட்டி மறைந்ததும் நல்லதம்பியின் போன் மறுபடி துடித்தது. வீரமணியின் பங்காளி. கேட் இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது, பின்னால் லாரி ஹாரன்கள் அலறின.

"சார், அந்தாளு சிக்கினானா?"

"சிக்கினான். ஆனா மெட்ராஸ் வண்டில ஏறிப் போயிட்டான்."

"ஐயோ! அண்ணி?"

"அண்ணியும் அவன் கூடத்தான் போறாங்க."

"அடப்பாவமே! அண்ணன் எங்க சார்? போனையும் ஜீப்புலயே வுட்டுட்டு ஓடினாரு. இத எப்படி அவருக்குச் சொல்றது?"

நல்லதம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவருக்குத் தெரியும்ப்பா" என்றார். "அவருதான் அண்ணியைத் தூக்கி ஏத்திவிட்டாரு. நீங்க கட்டைங்களைத் தூக்கிப் போட்டுட்டு எறையூருக்குப் போங்க. பள்ளிக்கூடம் விடறப்ப அண்ணன் புள்ளைய யாராவது போய்க் கூட்டிட்டு வரணும்ல?"